மில்லுக்கு மேற்கே

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து எங்கள் ரைஸ் மில்லுக்கு நோட்டீஸ் வந்த அன்று, தபால்காரர் வாசலில் நின்ற என்னைத் தாண்டிப்போய் உள்ளே அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி ஊறல் தொட்டிக்குள் கையை விட்டு நெல் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் அவர் பையிலிருந்து உருவிப் படித்தேன்.

எங்கள் புகைபோக்கியிலிருந்து கரித்தூள் பறந்து சுற்றுப்புற வீடுகளில் விழுவதாக மாசியில் புகார் வந்திருக்கிறது. தூசியைப் பிடிக்கும் கருவி வைக்க வேண்டும். கொடுத்த கெடுவுக்குள் வைக்காவிட்டால் மில்லின் மின் இணைப்பு துண்டிக்கப்படும். சுருக்கமாகச் சொன்னால், நெருப்பை ஒழுங்காக வை, இல்லையென்றால் கரண்டைப் பிடுங்குவோம்.

மில் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து திருவையாறு போகிற வழியில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. புழுங்கல் அரிசி மில். நெல்லை ஊற வைத்து, நீராவியில் அவித்து, காய வைத்து, அரைப்போம். நீராவிக்கு ஒரு பாய்லர். பாய்லருக்குத் தீனி உமி. இன்றைக்கு அரைத்த நெல்லின் உமி நாளைக்கு வரும் நெல்லை அவிக்கும். விறகு வாங்க வேண்டாம், கரி வாங்க வேண்டாம். நெல்லே தன்னை அவிக்க எரிபொருளையும் முதுகில் கட்டிக்கொண்டு வருகிறது என்று எனக்கு இதில் எப்போதும் ஒரு பெருமை உண்டு.

அண்ணனுக்கு அது பெருமைகூட இல்லை, பழக்கம். பாய்லர் வாயைத் திறந்து தீயின் நிறத்தைப் பார்த்து விசிறியைக் கூட்டுவார், குறைப்பார். அந்த வேலையை வேறு யாரிடமும் விட்டதில்லை. சில வருடங்களாக அவருக்கு மூச்சில் விசில் கேட்கிறது. தஞ்சாவூர் டாக்டர் தூசியே ஆகாது என்று சொல்லி, வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து ஒன்று கொடுத்தார். அண்ணன் "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் இறங்கியதும் நேராக மில்லுக்குத்தான் வந்தார். உறிஞ்சுவது ஒரு கை, உமி தள்ளுவது ஒரு கை. எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். அந்த நெருப்பை அணைத்தால் அண்ணன் வீட்டில் படுத்துவிடுவார், பிறகு எழுந்திருக்க மாட்டார். மில் போனால் போகிறது, அண்ணன் போகக் கூடாது. அதனால் யார் புகார் கொடுத்தது என்று கண்டுபிடித்து அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டாவது, சண்டை போட்டாவது திரும்பப் பெற வைக்க வேண்டும் என்று கிளம்பினேன். கும்பிடுவது எனக்கு வராது என்பது வேறு விஷயம்.

மில்லுக்குக் கிழக்கே சாலையைத் தாண்டி ஒரு தையல்கடை. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற அம்மா ஒருத்தர் நடத்துகிறார். வெள்ளைச் சட்டைகள் தைத்துத் தொங்க விட்டிருப்பார். கரித்தூள் விழுந்தால் முதலில் வயிறு எரிவது அவருக்குத்தானே. போய் நின்றேன்.

"ஏங்க, எதா இருந்தாலும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எதுக்கு எழுதிப் போட்டீங்க?"

அவர் மெஷினை நிறுத்தவில்லை. "நான் எழுதிப் போட்டிருந்தா என் பேரு, கடை பேரு, போன் நம்பர் எல்லாம் போட்டே எழுதியிருப்பேன். எனக்கு என்ன பயம்? உங்க கரி ஆடி மாசம் முழுக்க என் கடைக்குள்ளதான் குடியிருக்கு. அதுக்குத்தான் கண்ணாடிக் கதவு போட்டேன். கதவுச் செலவை உங்க தலையில கட்டலாமான்னு யோசிச்சேன், அவ்வளவுதான்."

"அப்ப வேற யாரு?"

"என்னைக் கேட்டா? ஊர்ல மூக்கு இருக்குறவங்க எல்லாரையும் கேளுங்க."

நான் அவரை நம்பவில்லை. அன்றிலிருந்து அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனேன். அவர் அதைக் கண்டுகொண்ட மாதிரியே தெரியவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சில நாட்களில் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். என் மகள் வயது இருக்கும். அதிகாரி என்றால் நாற்காலி போட்டு இளநீர் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் நாற்காலியில் உட்காராமல் நேராகப் பாய்லர் பக்கம் போய்த் தீயைக் காட்டச் சொன்னார். அண்ணன் பாய்லர் வாயைத் திறந்து காட்டினார். இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று உள்ளே பார்த்தார்கள். தீ பார்க்கிற ஆசை ஒரே மாதிரி இருந்ததால் அண்ணனுக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிடிக்கவில்லை. "உமிதானே மேடம், இயற்கைதானே. நாங்க என்ன நிலக்கரியா எரிக்கிறோம்?" என்றேன்.

"நெருப்புக்கு இயற்கை, செயற்கை எல்லாம் தெரியாதுங்க. புகைபோக்கி வழியா என்ன வெளிய போகுதுங்கறதுதான் எங்களுக்குக் கணக்கு."

"அப்ப கடலோரத்துல மலை மலையா கரி எரிச்சு கரண்ட் எடுக்கிறாங்களே, அவங்களை யாரு கேக்குறது?"

அவர் கோபப்படவில்லை. கேள்வி கேட்டது அவருக்குச் சந்தோஷமாகவே இருந்த மாதிரி பட்டது. தொழிற்சாலைகளை மாசின் அளவுப்படி நிறம் பிரித்து வைத்திருப்பதாகச் சொன்னார். அனல்மின் நிலையம் சிவப்பு. நாங்கள் ஆரஞ்சு. சிவப்புக்கு விதிகள் அதிகம். சாம்பலைப் பிடிக்க வேண்டும், கந்தகப் புகைக்குத் தனியாகக் கட்டுப்பாடு, தண்ணீருக்குத் தனிக் கட்டுப்பாடு. பிறகு அவர் சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. நிலக்கரியோடு வயல் கழிவையும் கொஞ்சம் கலந்து எரிக்க வேண்டும் என்று அவர்களுக்கு இப்போது விதி இருக்கிறதாம். வைக்கோல், உமி, கரும்புத் தோகை, எதுவானாலும் அரைத்து இறுக்கிக் கட்டியாக்கி அனுப்புகிறார்களாம்.

"அதாவது, அங்க உமி எரிக்கலைன்னா தப்பு. இங்க உமி எரிச்சா தப்பு."

"உமி எரிக்கறது தப்புன்னு நான் சொல்லவே இல்லையே."

"அப்புறம் அதென்ன கழிவு? உமியை யாரும் எங்க ஊர்ல கழிவுன்னு சொல்ல மாட்டாங்க மேடம். உமிக்கரியில பல்லு விளக்கின ஊரு இது."

அவர் சிரித்துவிட்டார். "பல்லுக்கு நல்லதுங்க. நெஞ்சுக்கு இல்ல."

பக்கத்தில் நின்ற அண்ணன் பாய்லர் கதவை மெல்லச் சாத்தினார்.

என்ன செய்ய வேண்டும் என்று பொறியாளர் விளக்கினார். புகையை ஒரு பெரிய புனல் மாதிரியான தகரக் கூட்டுக்குள் சுழல விட வேண்டும். சுழலும்போது கனமான தூள் ஓரத்தில் மோதிக் கீழே விழும், கீழே சாக்கைக் கட்டினால் சாக்கில் சேரும். அந்தக் கருவிக்குப் பெயர் சைக்ளோன்.

அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "சைக்ளோனா? அது வருஷா வருஷம் நாகப்பட்டினம் பக்கமா ஓசியில வருமேம்மா. அதையும் இப்ப காசு குடுத்து வாங்கணுமா?"

அன்றிலிருந்து மில்லில் அதற்குப் பெயர் புயல்தான். "புயல் எப்ப வருது?" "கோயம்புத்தூர்ல பெயின்ட் அடிச்சிட்டிருக்காங்களாம்." இப்படி.

ஆனால் புயல் வருவதற்கு முன் இன்னொருவர் வந்தார். உமி வாங்கும் ஏஜென்ட். கருவியெல்லாம் எதற்கு, பாய்லரையே நிறுத்திவிட்டு உமியை எனக்கே போடுங்கள் என்றார். அவர் உமியை ஒரு மின் நிலையத்துக்கு அனுப்புகிறாராம். கரியே இல்லாமல் உமியும் மரத்தூளும் மட்டும் எரித்துக் கரண்ட் எடுக்கிற இடமாம். "நீங்க எரிச்சா புகைங்க. அங்க எரிச்சா பசுமை மின்சாரம்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று ஏறியது. அதே உமி. அதே நெருப்பு. இங்கே குற்றம், அங்கே புண்ணியமா? ஆளை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் கோபத்தைவிட அதிகமாக எனக்கு அந்த நெருப்பைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பார்த்தே ஆக வேண்டும். அவருடைய அடுத்த லாரியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வயல்கள் முடிந்து பொட்டல் ஆரம்பிக்கிற இடத்தில் அந்த மின் நிலையம் இருந்தது. வாசலில் எங்கள் மாதிரி ஊர்களிலிருந்து வந்த லாரிகள் வரிசையாக நின்றன. முற்றத்தில் உமி குவிந்து கிடந்ததைப் பார்த்து, இவ்வளவு நெல்லை யார் சாப்பிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. உள்ளே என்னைக் கூட்டிப்போன பொறியாளருக்கு இப்படி ஒரு விருந்தாளி வந்ததே இல்லை போலிருக்கிறது. சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிட்டுச் சுற்றிக் காட்டினார்.

பாய்லர் நாலு மாடி உயரம். சின்னத் துவாரம் ஒன்றில் நீலக் கண்ணாடி பதித்திருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உமி கீழே விழவே இல்லை. காற்றில் பறந்துகொண்டே எரிந்தது, மஞ்சளும் வெள்ளையுமாகப் புரண்டது. அந்தச் சூட்டில் வருகிற நீராவி ஒரு சக்கரத்தைச் சுற்ற, அது கரண்ட் ஆகிக் கம்பியில் போகிறது. நாங்கள் நீராவியை நெல்லுக்குள் விடுகிறோம், இவர்கள் சக்கரத்துக்குள் விடுகிறார்கள். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால் அந்த உயரமான புகைபோக்கியின் வாயில் ஒன்றுமே இல்லை. வானம்தான் இருந்தது.

"சாம்பல் எங்கங்க போச்சு?"

ஒரு பெரிய பெட்டியைக் காட்டினார். உள்ளே வரிசையாகத் தகடுகள் தொங்குகின்றனவாம். அவற்றுக்கு நடுவில் கடுமையான மின்சாரம் பாய்ச்சினால் சாம்பல் போய்த் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அவ்வப்போது சுத்தியால் தட்டி உதிர்ப்பார்கள். எடுக்கிற கரண்டில் ஒரு பங்கைச் சாம்பல் பிடிக்கவே செலவு செய்கிறோம், விதி அப்படி என்றார்.

"எல்லாத்தையும் பிடிச்சிடுமா?"

"அனேகமா."

"மிச்சம்?"

"காத்துல போகும். ரொம்ப நைசான தூள். கண்ணுக்குத் தெரியாது."

எங்கள் மில்லிலும் இப்படித் தகடு வைக்க முடியுமா என்று கேட்டேன். உங்கள் மில்லை விற்றால் வைக்கலாம் என்றார். சைக்ளோன் உங்களுக்குப் போதும், விதியும் அவ்வளவுதான் கேட்கிறது, ஆனால் அது கனமான தூளைத்தான் பிடிக்கும், நைசானதை விட்டுவிடும் என்று கூடவே சொன்னார். அதை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. என் மண்டையில் வேறு ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க உமியில வர்ற கரண்ட்டு எங்க மில்லுக்கே வருமா?"

"கம்பியில ஏறினப்புறம் எது யாரோடதுன்னு சொல்ல முடியாதுங்க."

திரும்பி வரும்போது லாரியில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் வாய்க்காலில் மேட்டூர்த் தண்ணீரும் வரும், மழைத் தண்ணீரும் வரும், மேலே வயலில் வடிந்ததும் வரும். மடையில் நின்று யார் பிரிக்க முடியும்? கரண்டும் அப்படித்தான் போலிருக்கிறது. கரியும் உமியும் காற்றாலையும் எல்லாம் ஒரே கம்பியில் கலந்து வந்து எங்கள் மோட்டாரைச் சுற்றுகின்றன. புகை மட்டும் கலப்பதில்லை. அது எரித்த இடத்திலேயே விழுகிறது.

ஆனி கடைசியில் புயல் வந்து சேர்ந்தது. பொருத்திய முதல் நாளே சாக்கு கனத்துத் தொங்கியது. அண்ணன் அதை அவிழ்த்து உள்ளே கையை விட்டுப் பார்த்து, "இவ்வளவா?" என்று மட்டும் கேட்டார். ஆடியில் அலுவலகத்துப் பெண் மறுபடி வந்து புகைபோக்கியில் குழாய் விட்டு அளந்து, விதிக்குள் இருக்கிறது என்று சொன்னார். மின் இணைப்புக்கு ஆபத்து போய்விட்டது. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தில் தையல்கடை அம்மாவிடமே போய்ப் பேசினேன். கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

ஆனால் எனக்கு அளவுக் கருவியில் நம்பிக்கை கிடையாது. கண்ணால் பார்க்க வேண்டும். மின் நிலையத்தில் பார்த்த தகடு மனதிலேயே இருந்தது. வயலில் வெள்ளை ஈயைப் பிடிக்க மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் குச்சியில் நட்டு வைப்போமே, ஒட்டுப்பொறி, அதையே எடுத்தேன். மில்லைச் சுற்றி நாலு பக்கமும் நட்டேன். மேற்குப் பக்கம் அண்ணன் வீடு. மில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் கொல்லை. அங்கே துணிக்கொடிக் கம்பத்தில் ஒன்று கட்டினேன். என் வீடு கடைத்தெருவில், தூரம். அங்கே கட்டத் தேவையில்லை.

சில நாள் கழித்துக் கழற்றிப் பார்த்தேன். கிழக்கு அட்டையில் அங்கங்கே கொஞ்சம் புள்ளி. முன்பு இருந்ததற்கு அது ஒன்றுமே இல்லை. மேற்கு அட்டை துடைத்த மாதிரி சுத்தம். அதை எடுத்துக்கொண்டு கொல்லை வழியாக அண்ணியிடம் ஓடினேன். அண்ணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"பாருங்க அண்ணி. ஒரு பொட்டு இல்ல."

அண்ணி அட்டையைக் கையில்கூட வாங்கவில்லை. "ஆடியில மேல்காத்து அடிக்குது. மேற்கால எப்படித் தம்பி விழும்? கெழக்கேருந்து கொண்டல் அடிக்கட்டும். தையில கட்டிப் பாருங்க."

எனக்கு எல்லாம் சேர்ந்து ஓடியது. புகார் போனது மாசியில். மாசியில் காற்று கிழக்கிலிருந்து வரும். தையல்கடைக்கு ஒரு தூள்கூடப் போயிருக்காது. மேற்கே இருக்கிறது ஒரே ஒரு வீடு. பிறந்ததிலிருந்து காற்றைப் பார்த்து நெல் தூற்றுகிற குடும்பம் நாங்கள். தூற்றும்போது பதர் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். கரி எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. அளக்க வந்தவரும் ஆடியில் வந்தார், நானும் ஆடியில் அட்டை கட்டினேன்.

"அண்ணி, எழுதிப் போட்டது நீங்களா?"

"ஆமா."

கீரையை விடாமல் சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"உங்க அண்ணன்கிட்ட எத்தனை தரம் சொல்றது? மார்கழி வந்தா துணியை ரூமுக்குள்ள காயப் போடுறேன். ஜன்னலைச் சாத்தி வைக்கிறேன். அவரு ராத்திரியில எழுந்து உக்காந்துக்கிட்டு மூச்சு இழுக்குறாரு. கேட்டா, சாம்பல்தானே, திருநீறு மாதிரிதான்னு சொல்றாரு. நீங்க மில்லைக் காப்பாத்தணும்னு ஓடுறீங்க. அவரு பாய்லரைக் காப்பாத்தணும்னு உக்காந்திருக்காரு. அவரைக் காப்பாத்த யாரு இருக்கா? அதான், போன்ல புகார் குடுக்கலாம்னு சொன்னாங்க. குடுத்தேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "அண்ணனுக்குத் தெரிஞ்சா?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியும். நான் போன்ல தட்டிக்கிட்டிருந்தப்ப பக்கத்துலதான் படுத்திருந்தாரு. 'சுற்றுப்புறம்'னு எழுதத் தெரியாம முழிச்சேன். எழுத்துக்கூட்டிச் சொன்னாரு."

அன்று சாயங்காலம் பாய்லர் முன்னால் அண்ணனிடம் போய் நின்றேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை, ஒரு மனுஷியை அநியாயமாக முறைத்துக்கொண்டு திரிந்தேனே என்று கத்தினேன். அண்ணன் தீயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நானா நிறுத்த முடியலடா. யாராவது வந்து நிறுத்தச் சொன்னா நிறுத்திடலாம்னு நெனச்சேன். அவங்க என்னடான்னா புயல் வைக்கச் சொல்லிட்டாங்க."

ஐப்பசி வந்தது. மழை. கார்த்திகை முழுக்க ஈரம். பொங்கலுக்கு அப்புறம் சம்பா அறுவடை தொடங்கி மில்லுக்குள் நெல் கொட்ட இடமில்லாமல் வந்தது. பாய்லர் ஓயவே இல்லை. கொண்டல் காற்று அண்ணன் வீட்டைத் தட்டிக்கொண்டே இருந்தது. அண்ணி புதிய அட்டையில் தானே எண்ணெய் தடவிக் கொடிக்கம்பத்தில் கட்டினார்.

கழற்றுகிற அன்று நாங்கள் மூன்று பேரும் கொல்லையில் நின்றோம். முடிச்சை நான்தான் அவிழ்த்தேன். அட்டையைப் பார்த்ததும் மூச்சு வந்தது. புள்ளி இல்லை. போன வருடம் வரை பூசணி இலையெல்லாம் கறுப்புப் பொட்டு வைத்த மாதிரி இருக்குமாம், அந்தப் பொட்டு ஒன்றுகூட இல்லை. புயல் வேலை செய்கிறது என்று சொல்லக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணன் அட்டையை வாங்கி, ஆள்காட்டி விரலால் நடுவில் ஒரு கோடு இழுத்தார்.

கோடு மஞ்சளாக இருந்தது. அப்போதுதான் மற்ற இடமெல்லாம் மஞ்சள் இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஒரே சீராக, மை தடவின மாதிரி மங்கியிருந்தது. விரல் நுனி கறுப்பு. மின் நிலையப் பொறியாளர் சொன்ன நைசான தூள். விதிக்குள் இருக்கிற தூள். யாரும் தப்பு செய்யவில்லை. அளந்தவர் சரியாக அளந்தார், நாங்கள் சொன்னபடி வைத்தோம், சாக்கு தினம் நிறைந்தது. இது மிச்சம்.

அண்ணன் விரலை வேட்டியில் துடைக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு பேரையும் பார்க்க முடியவில்லை.

"கரண்டை யாரும் வெட்ட மாட்டாங்கண்ணே" என்றேன். எதற்கு அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"தெரியும்டா" என்றார். "தொட்டியில ஊறுற நெல்லு கெட்டுடும். அதை மட்டும் அவிச்சிடுவோம்."

அதை மட்டும் அவித்தோம். ஊறிய நெல்லை அப்படியே விட்டுவிட்டால் புளித்து நாறிவிடும், ஊரே மூக்கைப் பிடிக்கும். கடைசி ஈடு நெல்லும் அவிந்து இறங்கியதும் அண்ணன் பாய்லர் வாயைத் திறந்து வைத்தார், விசிறியை நிறுத்தினார். தீ தானாக அடங்குகிற வரைக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். அவர் அழவில்லை. எப்போது எழுந்து போனார் என்று நான் கவனிக்கவில்லை.

இப்போது எங்களுடையது பச்சரிசி மில். நெல்லை அவிப்பதில்லை, அப்படியே காய வைத்து அரைக்கிறோம். வியாபாரம் முன்பு மாதிரி இல்லை, ஆனால் ஓடுகிறது. உமியை அந்த ஏஜென்ட் லாரி வைத்து ஏற்றிப் போகிறார். ஒவ்வொரு முறை லாரி கிளம்பும்போதும் நீலக் கண்ணாடிக்குப் பின்னால் அது பறந்து எரிவது எனக்குத் தெரிகிறது. அங்கே அந்தத் தகடுகள் பிடித்தது போக மிச்சம் எவ்வளவு, அது எங்கே போய் விழுகிறது என்று ஏஜென்டிடம் கேட்டேன். வேலை மெனக்கெட்டு இதையெல்லாம் கேட்கிறீர்களே என்று சொல்லிவிட்டார். நான் விடவில்லை, பொறியாளருக்கே போன் போட்டேன். அவர் சுற்றிலும் பொட்டல்தானே என்றார். பொட்டலில் யாரும் இல்லையா என்று கேட்டதற்கு, ஆடு மேய்க்கிறவர்கள் வருவார்கள் என்றார்.

அண்ணன் படுத்துவிடவில்லை. நான் பயந்தது அந்த விஷயத்தில் தப்பு. காலையில் மில்லுக்கு வருகிறார், நெல்லைக் கடித்துப் பார்க்கிறார், மதியம் வீட்டுக்குப் போகிறார். விசில் முழுதாகப் போகவில்லை. போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதற்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

எங்கள் வீடுகளில் எல்லோரும் சாப்பிடுவது புழுங்கல் சோறு. பச்சரிசி பொங்கலுக்கும் படையலுக்கும்தான். மில்லில் இருந்த பழைய இருப்பு தீர்ந்த மாதம், இத்தனை தலைமுறையில் முதல்முறையாக, புழுங்கலரிசி எங்கள் வீட்டுக்குக் கடையிலிருந்து மூட்டையாக வந்தது. நான்தான் வண்டியில் வைத்துக்கொண்டு வந்து அண்ணன் வீட்டில் இறக்கினேன். எங்கேயோ வடக்கே ஒரு ஊரில் அவித்து அரைத்த அரிசி. மூட்டையின் மேல் மயில் படம் போட்டிருந்தது. அண்ணன் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்து, "நல்லாத்தான் அவிச்சிருக்கான்" என்றார்.

அண்ணி உலை வைக்க அரிசியை முறத்தில் கொட்டினார். புடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "அந்த மில்லுக்கு மேற்கால யாரு வீடு இருக்கோ" என்றார்.